இத்தாலிக்குப் போன பென்ஷன்தாரர்கள்

இத்தாலிக்குப் போகப்போகிறோம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், தெருவில் பாதிப் பேர் அங்கே போய் வந்தவர்களாக மாறிவிடுவார்கள். ஒருவர் வெனிஸ் நாறும் என்பார். இன்னொருவர் வெனிஸைப் பார்க்காவிட்டால் போனதே தண்டம் என்பார். மூன்றாமவர் கைப்பேசியை எடுத்து, பைசா கோபுரத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும் தன் மைத்துனரைக் காட்டுவார். ஆகவே நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். ஆலோசனை கேட்பதென்றால் செத்தவர்களிடம் மட்டுமே கேட்பது. செத்தவர்கள் படம் காட்டமாட்டார்கள். தெரிந்த ஏஜென்டைத் தலையில் கட்டமாட்டார்கள்.

நாங்கள் என்பது நானும் என் மனைவியும். நான் கணக்கு அலுவலகத்தில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். அவள் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். ரோமாபுரிச் சக்கரவர்த்தி என்றால் அவளுக்குப் போரும் ஆண்டும் உடன்படிக்கையும் நினைவுக்கு வரும். எனக்கோ, இந்த ஆளுக்கு லீவு சாங்ஷன் செய்தது யார், பயணப்படி பில் எங்கே என்றுதான் தோன்றும். அவள் தகவல் தருவாள், நான் தணிக்கை செய்வேன். இத்தாலிக்கு முதன்முதலாகப் போனவர்களின் கோப்புகள் இப்படித்தான் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

முதல் கோப்பு ஹன்னிபல். கார்த்தேஜ் படைத்தளபதி, ஊர் இன்றைய துனீசியா. ஊரிலிருந்து பார்த்தால் எதிரே கடல், கடலைத் தாண்டினால் இத்தாலி. இவரோ கி.மு. 218-ல் ஸ்பெயினிலிருந்து கிளம்பி, பிரான்ஸைச் சுற்றி, 37 யானைகளோடு ஆல்ப்ஸ் மலையில் ஏறினார். கடல் ரோமானியர் கையில் இருந்தது, வேறு வழியில்லை என்று மனைவி வக்காலத்து வாங்கினாள். இருக்கட்டும். 37 யானை எதற்கு? அந்தக் குளிர்காலத்திலேயே ஒன்றைத் தவிர ஏறக்குறைய எல்லா யானையும் செத்தது. மிச்சமிருந்த ஒற்றை யானைமேல் ஏறி ஆர்னோ ஆற்றுச் சதுப்பைக் கடக்கையில் கண்நோய் வந்து ஒரு கண் பார்வை போயிற்று. அப்புறமும் அவர் ஊர் திரும்பவில்லை. இத்தாலியில் 15 ஆண்டுகள் சுற்றினார். ரோமுக்குள் ஒருநாள்கூட நுழையவில்லை.

கி.மு. 211-ல் மதில்வரை வந்து கூடாரம் போட்டார். ஊருக்குள் என்ன நடந்தது தெரியுமா? அவர் கூடாரம் போட்டிருந்த அந்த நிலமே அந்தச் சமயம் கைமாறியது, அதுவும் விலை ஒரு காசு குறையாமல். லிவி என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். எதிரிப் படை உட்கார்ந்திருக்கிற மனைக்கு முழு விலை கொடுத்தவனைப் பற்றி என்ன சொல்வது, ரியல் எஸ்டேட் ஆசை அன்றைக்கும் அதே ஆசைதான். சேதி கேட்ட ஹன்னிபலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் தம் பங்குக்கு ரோம் நகரச் சந்தையைச் சுற்றியிருந்த வட்டிக்கடைகளை ஏலம் கூறச் சொன்னாராம். யார் எடுத்தார்கள் என்று லிவி சொல்லவில்லை.

"பதினஞ்சு வருஷம் இருந்தும் ரோமைப் பார்க்காம போயிருக்காரு. நாம ரெண்டு சர்ச்சை விட்டுட்டா குடியா முழுகிடும்?" என்றாள் மனைவி. அத்தோடு எங்கள் பயணத் திட்டத்திலிருந்து நாலைந்து ஊர்கள் கழன்றன.

அலாரிக் கோப்பு லக்கேஜ் சம்பந்தப்பட்டது. கோத் இனத் தலைவரான இவர் கி.பி. 408-ல் ரோமை முற்றுகையிட்டு, விலகிப்போக விலை சொன்னார்: 5,000 ராத்தல் தங்கம், 30,000 ராத்தல் வெள்ளி, 4,000 பட்டு அங்கி, சிவப்புச் சாயமேற்றிய தோல் 3,000, அதற்கும் மேலே 3,000 ராத்தல் மிளகு. மிளகு நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரக்கு. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனவர் இரண்டே வருடத்தில் திரும்பி வந்து, மூன்று நாள் ஊரைக் கொள்ளையடித்தார். பில் செட்டில் ஆன பிறகும் வந்து நிற்கிற கான்ட்ராக்டர்களை நான் சர்வீஸில் பார்த்திருக்கிறேன், அதனால் எனக்கு ஆச்சரியமில்லை. மனைவிக்கோ இந்தக் கோப்பில் கண்ணில் பட்டது மிளகு மட்டும்தான். "ரோமுக்கே மிளகு அனுப்பினவங்க நாம. அங்க போயி சப்புன்னு சாப்பிடணும்னு என்ன தலையெழுத்து?" என்று சொல்லிவிட்டு, பெட்டி எடுப்பதற்கு முன்பே பருப்புப் பொடிக்கும் மிளகுப் பொடிக்கும் டப்பா தேட ஆரம்பித்துவிட்டாள்.

சரி, இவர்கள் படையெடுத்துப் போனவர்கள். பென்ஷன்தாரர்களைப் பார்ப்போம்.

ரோமாபுரி வரலாற்றில் சக்கரவர்த்தி நாற்காலியிலிருந்து தானாக எழுந்து ஓய்வு பெற்ற முதல் ஆள் டயோக்ளீஷியன். இவர் கதையில் வேடிக்கை என்னவென்றால், 284-ல் பதவிக்கு வந்தவர் ரோமுக்கு வந்ததாக உறுதியாகத் தெரிவது 303-ல்தான். எல்லைகளிலேயே சுற்றிக்கொண்டிருந்தவர், தம் 20-ம் ஆண்டு விழாவுக்காகத் தலைநகரத்தை எட்டிப் பார்த்தார். ஊர் பிடிக்கவில்லை. ரோம் ஜனங்கள் சக்கரவர்த்தி முன்னாலேயே வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள் என்று கோபம். புத்தாண்டு வரை இருக்கக்கூடப் பொறுமையில்லாமல் டிசம்பர் குளிரிலும் மழையிலும் கிளம்பி, வழியில் நோயில் விழுந்து, பல்லக்கில் தூக்கிப் போக வேண்டியதாயிற்று. முதல் ரோம் பயணம் அப்படி முடிந்தது. 305 மே 1-ம் தேதி ஓய்வு. இன்றைய குரோஷியாவில், கடலோரம் ஸ்ப்ளிட் என்ற இடத்தில், கோட்டை மாதிரி ஒரு வீடு கட்டிக்கொண்டு காய்கறி போட்டார். நாடு கலகலத்தபோது திரும்பி வரச்சொல்லி ஆள் வந்தது. என் கையால் வளர்த்த முட்டைக்கோஸை வந்து பாருங்கள், அப்புறம் இப்படிக் கேட்கமாட்டீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கூட ஆண்ட இன்னொரு சக்கரவர்த்தி மாக்ஸிமியன். இவரையும் அதே நாளில் ஓய்வு பெற வைத்தார்கள். கட்டாய ஓய்வு. இவரால் வீட்டில் உட்கார முடியவில்லை. திரும்பத் திரும்ப நாற்காலியைப் பிடிக்கப் பார்த்து, 310-ல் உயிரையே விட்டார். ஓய்வு பெற்ற மறுவாரம் ஆபீசுக்கு வந்து பழைய சீட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்கிறவர்கள் எந்த அலுவலகத்தில் இல்லை?

அதற்கு முந்தைய டைபீரியஸ் வேறு ரகம். ஓய்வும் பெறவில்லை, வேலைக்கும் வரவில்லை. 67 வயதில் ரோமை விட்டுக் கிளம்பி காப்ரி தீவில் போய் உட்கார்ந்துகொண்டு, கி.பி. 37-ல் சாகும்வரை பத்து ஆண்டுகளுக்கு மேல் கடிதம் மூலமாகவே சாம்ராஜ்யத்தை நடத்தினார். ஊர் திரும்பவே இல்லை. வீட்டிலிருந்தே வேலை என்பதைக் கண்டுபிடித்தது ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். காப்ரிக்கு அவர் போன சில நாளில் ஒரு மீனவன், பாறை வழியாகத் தொற்றி ஏறிப்போய், சக்கரவர்த்திக்கு ஒரு பெரிய மீனைக் காணிக்கையாக நீட்டினானாம். பின்பக்கமாக ஆள் வந்ததில் அரண்டுபோன டைபீரியஸ், அந்த மீனாலேயே அவன் முகத்தைத் தேய்க்கச் சொன்னார். தேய்பட்ட மீனவன், நல்லவேளை, கூடப் பிடித்த பெரிய இறாலைக் கொடுக்காமல் விட்டேன் என்று முனகியிருக்கிறான். அது காதில் விழுந்தது. இறாலையும் கொண்டுவரச் சொன்னார். இதை எழுதிய சூட்டோனியஸ் வம்பு எழுதுவதில் பேர் போனவர், அதுவும் எண்பது தொண்ணூறு வருடம் கழித்து எழுதினார். எதற்கும் காப்ரியில் யாரையும் பின்பக்கமாகப் போய்க் கூப்பிடாமல் இருப்பது நல்லது.

எங்களுக்கு மிகவும் பிடித்துப்போனவர் மிஷேல் தெ மோந்தேன். கட்டுரை என்ற எழுத்து வகைக்கே பிள்ளையார் சுழி போட்ட பிரெஞ்சுக்காரர். 38 வயதில் நீதிமன்ற வேலையை விட்டு ஓய்வு என்று அறிவித்து, அதை வீட்டு நூலகச் சுவரிலேயே எழுதி வைத்தவர். ஓய்வாணையைச் சுவரில் எழுதிய ஆளை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. 1580-ல், 47 வயதில், மனைவியையும் மகளையும் ஊரில் விட்டுவிட்டு இத்தாலிக்குக் கிளம்பினார். ("விட்டுட்டு" என்ற இடத்தில் என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே பதிவு செய்கிறேன்.) அவருக்குச் சிறுநீரகக் கல். எந்த ஊர் ஊற்றுத் தண்ணீர் குடித்தால் கல் கரையும் என்று தேடிக்கொண்டு போன பயணம் அது.

அவருடைய பயணக் குறிப்பைப் படித்தால் நம் வயதுக்காரர்களுக்கு மனம் குளிரும். மைக்கலாஞ்சலோவைப் பற்றி எழுதிய இடத்தைவிடக் கல்லைப் பற்றி எழுதிய இடம் அதிகம். இன்றைக்கு எத்தனை டம்ளர் குடித்தேன், எவ்வளவு வெளியே போயிற்று, வந்த கல் என்ன நிறம், எத்தனை பெரிது என்று நாள்தோறும் வரவு செலவு. லூக்கா நகரத்துக்குப் பக்கத்திலுள்ள வெந்நீர் ஊற்றில் வாரக்கணக்கில் தங்கி, தண்ணீர் குடித்த நேரம் போக மிச்ச நேரத்தில் அந்த ஊர்ப் பெண்களுக்கு நாட்டியப் போட்டி வைத்துப் பரிசும் கொடுத்தார். இந்தக் குறிப்பேடு 1770 வாக்கில் அவர் மாளிகையில் ஒரு பழைய பெட்டியில் அகப்பட்டு, 1774-ல் அச்சாயிற்று. இலக்கிய உலகம் ஆவலோடு பிரித்துப் பார்த்திருக்கும். உள்ளே மூத்திரக் கணக்கு.

விசா வேலைக்கும் இவர்தான் எங்களுக்கு ஆறுதல். எங்கள் பங்குக்கு வங்கிக் கணக்கு விவரம், வருமான வரி, தங்குமிட ரசீது, போகவர டிக்கெட், ஆளுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு என்று தாள் சேர்த்துக்கொண்டிருந்தோம். ஷெங்கன் விசா கட்டணம் 90 யூரோ தனி. மோந்தேனுக்கும் தாள் தொல்லை இருந்தது. வட இத்தாலியில் ஊருக்குள் நுழைய நோய் இல்லை என்ற சுகாதாரச் சீட்டு வேண்டும். அப்போது கொள்ளைநோய்ப் பேச்சே இல்லை, நாலு காசு பறிக்கத்தான் இந்த வழக்கம் என்று அவர் சந்தேகம் தெரிவிக்கிறார். ரோமில் இன்னும் மோசம். பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்து, புத்தகங்களையெல்லாம் தணிக்கைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அவரே எழுதிய கட்டுரை நூல் உட்பட. மாதக்கணக்கில் காத்திருந்து திருப்பி வாங்கினார். அதைத் தணிக்கை செய்த தலைமை அதிகாரிக்கு பிரெஞ்சு தெரியாது. பிரெஞ்சு தெரிந்த ஒரு சாமியார் படித்துச் சொன்னதை வைத்துக் குறிப்பு எழுதினார். பாஷை தெரியாத ஆள் குறிப்பு எழுதுவது சர்வீஸ் விதிகளுக்கு முரணானதல்ல, நானே பார்த்திருக்கிறேன்.

இந்தப் பயணத்தில் தமக்கு மூன்று குறை என்றும் குறிப்பேடு சொல்கிறது. ஒன்று, அந்நிய ஊர்ச் சமையலைக் கற்றுக்கொள்ளத் தம் சமையல்காரரைக் கூட்டி வராதது. இரண்டு, ஜெர்மன் தெரிந்த வேலையாள் இல்லாதது. மூன்று, கிளம்புமுன் ஊர் விவரப் புத்தகம் படிக்காதது. என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "முதல் குறை நமக்கில்லை, நான் வர்றேன். மூணாவது குறையும் இல்லை, நான் படிக்கிறேன். நீங்க எதுக்கு வர்றீங்கன்னுதான் தெரியலை" என்றாள். மோந்தேனின் பயணமும் அரசாங்க வேலையால்தான் முடிந்தது. ஊற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது, உங்களை போர்தோ நகர மேயராகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், உடனே வரவும் என்று 1581 செப்டம்பரில் சேதி வந்தது. ஓய்வு பெற்றவரை, அதுவும் வெளிநாட்டில் இருக்கையில், அவரைக் கேட்காமலே.

இனி என் நெஞ்சுக்கு நெருக்கமான கோப்பு. ஸ்வீடன் அரசி கிறிஸ்டினா. இவரை ஏன் ஓய்வூதியர் சங்கங்களில் படம் மாட்டி வைக்கவில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம். 1654 ஜூனில், 27 வயதில், ராஜ்யம் வேண்டாம் என்று வி.ஆர்.எஸ். கொடுத்தார். கொடுக்குமுன் பென்ஷனை விவரமாக எழுதி வாங்கிக்கொண்டார். பணமாக அல்ல, இந்தத் தீவின் வரும்படி, அந்த ஊரின் வரும்படி என்று நிலத்தின்மேல். பொறுப்பை ஒப்படைத்த கையோடு தலைமுடியைக் குறைத்து, ஆண் உடை போட்டு, டோனா பிரபு என்ற பெயரில் டென்மார்க் வழியாகக் குதிரையில் கம்பி நீட்டினார். அப்பா குஸ்தாவ் அடால்ஃப் புராட்டஸ்டன்ட் மதத்துக்காகப் போர்க்களத்தில் உயிரை விட்டவர். மகள் கத்தோலிக்கத்துக்கு மாறி நேராக ரோமுக்குப் போனார்.

போப்பாண்டவர் ஏழாம் அலெக்சாண்டருக்குத் தலைகால் புரியவில்லை. 1655 டிசம்பரில் கிறிஸ்டினா ஊருக்குள் வருவதற்காக வடக்கு வாசலான போர்த்தா தெல் போப்போலோவை, சிற்பி பெர்னினியை வைத்து அலங்கரித்தார்கள். மங்கலமான வருகைக்கு என்று லத்தீனில் வெட்டியது இன்றும் அந்த வாசலின் உட்பக்கத்தில் இருக்கிறது. ஓய்வு பெற்ற ஒருவரின் டூருக்குக் கல்வெட்டு வைத்த ஒரே ஊர் ரோம்தான் என்று நினைக்கிறேன். நமக்குப் பிரிவுபசார விழாவில் சால்வையும் ஒரு சுவர்க்கடிகாரமும்.

கல்வெட்டெல்லாம் சரி, பென்ஷன் வரவில்லை. ஸ்வீடன் அடுத்தடுத்துப் போரில் இறங்கியது, வரும்படி தரவேண்டிய நிலங்களிலிருந்து பணம் ஒழுங்காக வரவில்லை. அரியர்ஸ் ஏறிக்கொண்டே போனது. ரோமில் அவருக்குத் தங்கக் கொடுத்த ஃபர்னேசே மாளிகையில் வேலைக்காரர்களுக்குச் சம்பளமில்லை. அவர்கள் வெள்ளிச் சாமான்களை நகர்த்தினார்கள், குளிருக்குக் கதவுகளை உடைத்து எரித்தார்கள். அந்த மாளிகையில் இப்போது பிரெஞ்சுத் தூதரகம் இருக்கிறது. கதவெல்லாம் சரியாகத்தான் இருக்கிறதாம். போப் எதிர்பார்த்த அளவுக்கு பக்தியும் வரவில்லை. புதிதாக மதம் மாறியவர் ஜெபமாலையும் கையுமாக இருப்பார் என்று பார்த்தால், நாடகம், இசை, பழஞ்சிலைகள் என்று இருந்தார்.

1657-ல் பிரான்ஸில் விருந்தாளியாகத் தங்கியிருந்தபோது, தம் குதிரைப் பொறுப்பாளர் மொனால்தெஸ்கி துரோகம் செய்துவிட்டார் என்று அங்கேயே, அடுத்தவர் அரண்மனையிலேயே, கொல்லச் சொல்லிவிட்டார். ஐரோப்பா முழுக்க அதிர்ச்சி. எனக்கும் இதில் ஒரு சந்தேகம் உண்டு: பொறுப்பை ஒப்படைத்த மூன்றாண்டுக்குப் பிறகு போட்ட உத்தரவு செல்லுமா? செல்லும் என்பது அவர் வாதம், நாட்டைத்தான் விட்டேன், அரசி என்ற தகுதியை விடவில்லை என்று. ஓய்வுக்குப் பிறகும் லெட்டர்ஹெட்டை வைத்துக்கொள்கிறவர்கள் கவனிக்கவும்.

பென்ஷன் விவகாரத்தைப் பேசித் தீர்க்க 1660-லும் 1667-லும் நேரிலேயே ஸ்வீடனுக்குப் போய்வந்தார். ரோமிலிருந்து ஸ்வீடனுக்கு, குதிரை வண்டியில். வருடாவருடம் உயிரோடிருக்கிறேன் என்று கருவூலத்தில் போய்க் காட்டிவிட்டு வருகிற நமக்கு அந்தப் பாடு புரியும். அவர் கடைசிவரை இருந்தது ரோமில்தான், திபேர் நதிக்கு அக்கரையில். 1689-ல் இறந்தார். புனித பேதுரு பேராலயத்தின் நிலவறையில், போப்புகளுக்கு நடுவே இடம் கிடைத்தது. அங்கே அடக்கமான பெண்கள் மிகச் சிலர்தான்.

இத்தனையும் சொன்னதற்கு மனைவி கேட்டது ஒரே கேள்வி: "நம்ம டி.ஏ. அரியர்ஸ் எப்போ வருமாம்?"

ஜெர்மானியரான கெதே மகாகவி என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அவரது விடுப்பு விண்ணப்பத்தில் ஆட்சேபம் உண்டு. வைமார் அரசில் சுரங்கம், சாலை, நிதி என்று பல துறைகளைக் கையில் வைத்திருந்த அதிகாரி, 1786-ல் தம் பிரபுவுக்குக் காலவரையில்லாத விடுப்பு கேட்டுக் கடிதம் எழுதினார். எங்கே போகிறார் என்று எழுதவில்லை. மறுநாள், செப்டம்பர் 3, விடிகாலை மூன்று மணிக்கு, யாரிடமும் சொல்லாமல், மொல்லர் என்ற பொய்ப் பெயரில் இத்தாலிக்கு வண்டியேறிவிட்டார். கிட்டத்தட்ட இரண்டு வருடம். சம்பளம்? முழுச் சம்பளம் போய்க்கொண்டிருந்தது. இந்தக் கோப்பு மட்டும் என் மேசைக்கு வந்திருந்தால் ஃபவுஸ்ட் நாடகத்தின் இரண்டாம் பாகத்தை அவர் விசாரணை அதிகாரிக்கு விளக்கமாகத்தான் எழுதியிருப்பார்.

கார்டா ஏரிக்கரையில் மால்செசினே என்ற ஊரில் ஒரு இடிந்த கோட்டையைப் படம் வரைந்துகொண்டிருந்தவரை, ஆஸ்திரிய உளவாளி என்று ஊர் கூடி வளைத்துக்கொண்டது. நான் பிராங்க்பர்ட்காரன் என்று சொல்லி, அந்த ஊரில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் வந்து சாட்சி சொன்ன பிறகே விட்டார்கள். (அந்த ஏரிக்குத் தெற்கே உள்ள காஸ்திலியோனே ஊர்க்காரர்தான் நம் வீரமாமுனிவர். 1680-ல் அங்கே பிறந்து, தமிழ்நாட்டுக்கு வந்து, சதுரகராதி தொகுத்து, ஊர் திரும்பாமலே 1747-ல் காலமானார். எல்.டி.சி. கேட்டதாகத் தெரியவில்லை.) ரோம் போகிற அவசரத்தில் கெதே ஃப்ளோரன்சில் நின்றது மூன்றே மணி நேரம். உலகமே கொண்டாடும் ஃப்ளோரன்சுக்கு மூன்று மணி நேரம்! பயணக் கட்டுரை நூலாக வந்தது 30 வருடம் கழித்து. ஊர் திரும்பிய இரவே முந்நூறு படங்களைக் குடும்பக் குழுவில் கொட்டுகிறவர்களுக்கு இந்த நிதானம் வரவேண்டும்.

அதே ஃப்ளோரன்சில் 1817-ல் சாந்தா குரோச்சே தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்த எழுத்தாளர் ஸ்தாந்தாலுக்கு நெஞ்சு படபடத்து, நடக்கவே பயமாகிவிட்டது. கலையழகைத் தாங்க முடியாமல் வந்ததாம். இப்போது அதற்கு அவர் பெயரிலேயே நோய்ப்பெயர் இருக்கிறது. என் மனைவி இதைப் படித்ததும் எழுந்து போய், என் பிரஷர் மாத்திரையை எண்ணி வைத்தாள்.

வாங்கிவரும் சாமான்கள் பற்றியும் முன்னோடிகள் உண்டு. 1938-ல் பாம்பேய் இடிபாட்டில் நம் நாட்டு தந்தச் சிலை ஒன்று அகப்பட்டது, இன்று அது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில். கி.பி. 79-ல் எரிமலை வெடிப்பதற்கு முன்னால் யாரோ ஆசையாக வாங்கி வைத்த இந்திய சூவனிர். எதிர்த்திசையில் நெப்போலியன். வெரோனீஸின் கானாவூர்த் திருமண ஓவியம், பத்து மீட்டர் அகலம், வெனிஸில் ஒரு மடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தது. 1797-ல் துண்டு துண்டாக வெட்டி பாரிசுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். இன்னும் திருப்பித் தரவில்லை. லூவ்ரில் மோனா லிசாவுக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறது, வருகிற கூட்டம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

ஒற்றை ஆட்கள் போதும், தம்பதி சமேதராகப் போனவர்களைச் சொல்லுங்கள் என்றாள் மனைவி. சொன்னேன். ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கினும் மனைவி எஃபியும் 1849-ல் வெனிஸ் போனார்கள். கல்யாணமாகி ஒன்றரை வருடம். ரஸ்கின் ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு தூணாக, ஒவ்வொரு வளைவாக அளந்து எழுதிக்கொண்டிருந்தார். எஃபி ஆஸ்திரிய அதிகாரிகள் நடத்திய நடன விருந்துகளுக்குப் போய்க்கொண்டிருந்தார். ரஸ்கினுக்கு வெனிஸின் கற்களைப் பற்றி மூன்று தொகுதி நூல் கிடைத்தது. எஃபிக்கு 1854-ல், இது தாம்பத்தியமே நடக்காத திருமணம் என்று தீர்ப்பு கிடைத்தது. மறுவருடம் ஓவியர் மில்லேயை மணந்து எட்டுப் பிள்ளை பெற்றார். வெனிஸில் மனைவியை விட்டுவிட்டுத் தூணைப் பார்க்காதே என்று எனக்கு அன்றே எச்சரிக்கை வழங்கப்பட்டது.

பிரௌனிங் தம்பதி நேர்மாறு. எலிசபெத் 40 வயது நோயாளி, அறையை விட்டு அதிகம் வெளியே வராதவர். அப்பாவோ பிள்ளைகள் யாருக்கும் கல்யாணமே கூடாது என்ற ரகம். 1846 செப்டம்பரில் ஆறு வயது இளைய கவிஞர் ராபர்ட்டை ரகசியமாகக் கல்யாணம் செய்து, ஒரு வாரம் கழித்து ஒரு பணிப்பெண், ஒரு நாயோடு இத்தாலிக்கு ஓடிவிட்டார். அப்பா கடைசிவரை மன்னிக்கவில்லை, மகள் போட்ட கடிதங்களைப் பிரிக்காமலே வைத்திருந்தார். ஃப்ளோரன்ஸ் வெயிலில் எலிசபெத் தேறி நடமாடி, 43 வயதில் ஒரு மகனும் பெற்றார். நாய்க்குத்தான் இத்தாலி ஒத்துக்கொள்ளவில்லை. தெள்ளுப்பூச்சி மொய்த்து, முடியை மழிக்க வேண்டியதாகிவிட்டது. எங்கள் இருவரில் யாருக்கு அந்த நாயின் இடம் என்பது இன்னும் முடிவாகவில்லை.

பாக்கேஜில் போவதா, தனியாகப் போவதா என்ற வழக்குக்கு வயது 160. பயண ஏற்பாட்டாளர் தாமஸ் குக் 1864-ல் ஆங்கிலேயக் கூட்டத்தை இத்தாலிக்கு ஓட்டிக்கொண்டு போனார். மறுவருடமே சார்ல்ஸ் லீவர் என்ற ஐரிஷ் நாவலாசிரியர், இத்தாலியில் தூதரகப் பதவியில் இருந்தவர், வரிந்து கட்டிக்கொண்டு எழுதினார். ஆஸ்திரேலியா வேண்டாம் என்று தள்ளிய கைதிகளைத்தான் இந்த ஆள் இத்தாலிக்கு இறக்குகிறார் என்பது வரை போனது வசவு. மந்தை, மேய்ப்பன் என்று வேறு. லீவரின் நாவலை இன்றைக்கு யாரும் படிப்பதில்லை, மந்தை போய்க்கொண்டேதான் இருக்கிறது. வரிசையில் நிற்பது, பெட்டி தூக்குவது எல்லாம் யாராவது பார்த்துக்கொண்டால் மந்தையில் சேர எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. மனைவி தனியாகத்தான் என்கிறாள். தனியாகத்தான் போகிறோம்.

நீங்களும் கிளம்புவதாக இருந்தால் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே மனுப் போடலாம். கடைசி 15 நாள் வரை இழுக்காதீர்கள். ஆகஸ்ட் வேண்டாம். அகஸ்டஸ் காலத்து விடுமுறை இன்னும் ஆகஸ்ட் 15-ல் நடக்கிறது, வெயிலும் கொளுத்தும், பாதிக் கடையும் பூட்டியிருக்கும். மிலானில் டா வின்சியின் கடைசி இராவுணவு ஓவியத்துக்கு முன்பதிவு இல்லாமல் போனால் கதவைத்தான் பார்க்கலாம், முன்பதிவு இருந்தாலும் 15 நிமிடம்தான். ஃப்ளோரன்சின் உஃபீஸி திங்கட்கிழமை கிடையாது. வாடிகன் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமை கிடையாது, மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் காலையில் இலவசம். இலவசம் என்றதும் பறக்காதீர்கள், அன்றைக்கு ரோமே அங்கேதான் நிற்கும். காசைக் கொடுத்து வேறு நாளில் போங்கள்.